அண்ணன் வண்டி எஞ்சின்

அம்பத்தூரில் இருதயராஜின் மெக்கானிக் ஷெட்டில் தன் காரின் எஞ்சின் சங்கிலியில் தொங்குவதை ஜம்புலிங்கம் பார்த்துக்கொண்டு நின்றார். எஞ்சினும் கியர் பாக்ஸும் ஒன்றாகவே வெளியே வந்திருந்தன. அடியிலிருந்து கறுப்பாக எண்ணெய் சொட்டிக்கொண்டிருந்தது. பதினைந்து வருடம் ஒரு நாள்கூட முகம் சுளிக்காமல் உழைத்த ஜீவன், இப்படி அந்தரத்தில் ஆடிக்கொண்டு நிற்கிறதே என்று கண் கலங்கிவிட்டது.

ஜம்புலிங்கத்துக்கு வயது ஐம்பத்து மூன்று. பருத்திப்பட்டு ஏரியைச் சுற்றி எழும்பிய அடுக்குமாடிகளில் தண்ணீர் மோட்டார் மக்கர் செய்தால் அவரைத்தான் கூப்பிடுவார்கள். அவருடைய சின்னக் காரின் பின் சீட்டு எப்போதும் மடக்கியே இருக்கும். மோட்டார், பைப், ரெஞ்சு என்று அங்கே ஒரு கடையே இருக்கும். அந்தக் காரில்தான் அவர் பிழைப்பு ஓடிக்கொண்டிருந்தது. போன மாதம் வெள்ளைப் புகை கக்கி நடுரோட்டில் நின்றபோது, எஞ்சின் பிளாக்கே விரிசல் விட்டுவிட்டது, கியர் பாக்ஸும் தேறாது என்று இருதயராஜ் கையை விரித்துவிட்டார்.

ஆனால் ஒரு வாரம் கழித்து அவரே போன் செய்தார். இதே மாடல் வண்டி ஒன்று பின்பக்கம் நசுங்கிக் கிடக்கிறது, முன்னால் கீறல்கூட இல்லை, எஞ்சினையும் கியர் பாக்ஸையும் அப்படியே தூக்கி வைத்துவிடலாம் என்றார். யாருடைய வண்டி என்று கேட்டதற்கு, முத்தாபுதுப்பேட்டைப் பார்ட்டி என்று சொல்லிப் பேச்சை மாற்றினார்.

மூன்றே நாளில் வேலை முடிந்தது. கிளட்ச் பிளேட் மட்டும் புதிது. சாவியைத் திருப்பியதும் கார் குழந்தை போல் சிரித்தது. ஜம்புலிங்கத்தின் மனைவி சரசா, வாசலில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கச் சொன்னாள்.

குழப்பம் அதற்குப் பிறகுதான் ஆரம்பித்தது.

காருக்குப் பதினைந்து வருடம் முடியப்போகிறது. வரும் இருபத்தோராம் தேதிக்குள் ஆர்.டி.ஓ. ஆபீசில் காட்டிப் பதிவைப் புதுப்பிக்க வேண்டும். எஞ்சின் மாறியிருப்பதால், அந்த எஞ்சினின் பழைய சொந்தக்காரர் கையெழுத்துப் போட்ட கடிதம் வேண்டும் என்றார்கள். இருதயராஜ் தயங்கித் தயங்கி, பழைய வண்டியின் ஆர்.சி. புத்தக நகலை நீட்டினார்.

பெயர் கோதண்டம். தகப்பனார் பெயர், ஜம்புலிங்கத்தின் தகப்பனார் பெயர்.

பத்து வருடமாக அவர் வாயால் சொல்லாத பெயர் அது. அவருடைய சொந்த அண்ணன்.

தாளை மடித்து இருதயராஜ் சட்டைப் பையிலேயே திருப்பிச் செருகிவிட்டு, எஞ்சினை உடனே கழற்றச் சொன்னார் ஜம்புலிங்கம்.

"கயட்டிட்டு இன்னாத்த வச்சு ஓட்டுவ நைனா? உங்க அண்ணன்தான் குடுக்கச் சொன்னாரு. யாரு குடுத்ததுன்னு மட்டும் சொல்லாதன்னாரு."

"ஏன் சொல்லக்கூடாதாம்?"

"சொன்னா வாங்கமாட்டன்னு அவருக்குத் தெரியாதா?"

எத்தனை சீக்கிரம் அந்தப் பகை முளைத்தது! அண்ணனும் தம்பியும் ஒரே நாளில், ஒரே நிறத்தில், அடுத்தடுத்த நம்பரில் இரண்டு கார் வாங்கியவர்கள். அது அவர்கள் அம்மாவின் கட்டளை. பெரியவனுக்கு ஒன்று, சின்னவனுக்கு ஒன்று, இரண்டுக்கும் குண்டுமணி அளவு வித்தியாசம் இருக்கக் கூடாது என்று சொல்லி, இரண்டுக்கும் அவளே பொட்டு வைத்தாள். பிறகு அந்தப் பெருவெள்ள வருடம் வந்தது. ஜம்புலிங்கம் மோட்டார் வேலைக்குத் தாம்பரம் பக்கம் போனவர், ஏரி திறந்து ரோடெல்லாம் ஆறாகி, போனும் செத்து, அங்கேயே மாட்டிக்கொண்டார். அந்த நாட்களில்தான் அண்ணன் வீட்டில் இருந்த அம்மா கண்ணை மூடினாள். தண்ணீர் வடிந்து அண்ணன் வீட்டுக்கு ஓடி வந்தபோது அம்மாவை எரித்த இடத்தில் சாம்பல்தான் இருந்தது. கடைசி முகத்தைக்கூடக் காட்டாதவன் அண்ணனா என்று தெருவில் நின்று கத்திவிட்டு வந்தவர்தான். அதற்கப்புறம் அந்த வாசலை மிதிக்கவில்லை.

இப்போது அந்த அண்ணனுடைய எஞ்சின்தான் அவரைச் சுமந்துகொண்டு போகிறது. பத்து வருடம் திரும்பிப் பார்க்காதவன் இப்போது ஏன் கொடுத்தான்? பரிதாபமா? பாவத்தைக் கழுவவா? நான் போய்க் கையெழுத்துக் கேட்டு நிற்கவேண்டும் என்ற திட்டமா? எதுவும் விளங்கவில்லை. சரசா மட்டும் தெளிவாக இருந்தாள். கார் இல்லாவிட்டால் அடுப்பு எரியாது, போய்க் கேட்டுவிட்டு வாருங்கள் என்றாள்.

இரண்டு முறை முத்தாபுதுப்பேட்டை வரைக்கும் போனார். ஒரு முறை அண்ணன் தெரு முனையில் டீ குடித்துவிட்டுத் திரும்பினார். இன்னொரு முறை தெருவுக்குள்ளேயே போய், வீட்டுக்கு நாலு வீடு முன்னால் ரிவர்ஸ் எடுத்து வந்துவிட்டார். வாயைத் திறந்து என்ன சொல்வது? அண்ணே என்று கூப்பிடுவதா, சார் என்பதா?

பத்தொன்பதாம் தேதி மத்தியானம் இருதயராஜ் வீட்டுக்கே வந்தார். நாளை மறுநாள் கடைசி நாள், விண்ணப்பத்துக்கு எஞ்சின் நம்பரையாவது எடுத்து வைப்போம் என்று பானெட்டைத் திறந்தார். எஞ்சினில் பொறித்திருந்த எண்ணின் மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்தார். சரசா கண்ணாடி போட்டுக்கொண்டு, ஒரு கையில் அந்தத் தாளும் மறு கையில் தங்கள் ஆர்.சி. புத்தகமுமாக உட்கார்ந்தாள். இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள்.

"இன்னாங்க, எஞ்சின் மாத்தினீங்களா, மாத்தலையா?"

ஜம்புலிங்கத்துக்குக் கோபம் வந்தது. மாற்றாமல் என்ன, கண்ணால் பார்த்தேனே என்றார்.

"அப்போ நம்ம புக்குல கீற நம்பரே இதுலயும் எப்படி கீது? 6083. ரெண்டுத்துலயும் 6083."

இருதயராஜ் மறுபடி தேய்த்தார். மறுபடியும் 6083. பின் சீட்டை நிமிர்த்தி மூவரும் அதே காரில் ஷெட்டுக்குப் போனார்கள். மூலையில் சாக்குப் போட்டு மூடியிருந்த ஜம்புலிங்கத்தின் செத்த எஞ்சினைத் துடைத்துத் தேய்த்துப் பார்த்தார்கள். 7150. கோதண்டத்தின் ஆர்.சி. நகலை விரித்தால் அதிலும் 7150.

நின்று நிதானித்து யோசித்த பிறகுதான் புரிந்தது. பதினைந்து வருடத்துக்கு முன்னால், அடுத்தடுத்து வந்த ஒரே மாதிரி வண்டிகளுக்குப் புத்தகம் எழுதியபோது எவரோ எஞ்சின் எண்களை இடம் மாற்றி எழுதிவிட்டார்கள். புது வண்டிதானே என்று அன்று யாரும் தேய்த்துப் பார்க்கவில்லை. காகிதத்தின்படி தம்பி அன்றிலிருந்து அண்ணன் எஞ்சினைத்தான் ஓட்டிக்கொண்டிருந்தார். பொய்யாக இருந்த அந்தப் புத்தகம் இப்போதுதான் உண்மையானது!

கடிதம் வேண்டாம். கையெழுத்து வேண்டாம். மறுநாள் ஆர்.டி.ஓ. ஆபீசில் இன்ஸ்பெக்டர் எண்ணைச் சரிபார்த்தார், தலையாட்டினார், அவ்வளவுதான். சரசா அங்கேயே கோயில் கோபுரம் இருக்கும் திசை பார்த்துக் கும்பிட்டாள்.

ஜம்புலிங்கத்துக்கு மட்டும் சந்தோஷம் வரவில்லை. ஏன் வரவில்லை என்பதும் தெரியவில்லை. அண்ணன் வாசலுக்குப் போகாமல் தப்பித்தோம் என்றுதானே நிம்மதி வரவேண்டும்? அதற்குப் பதில், பத்து வருடமாகத் தேடிக்கொண்டிருந்த ஏதோ ஒன்று கைக்கு வந்து நழுவிவிட்டது போல இருந்தது. இனி எந்தச் சாக்கை வைத்துக்கொண்டு அந்தத் தெருவுக்குப் போவது?

சாயங்காலம் ஷெட்டுக்குப் போய் நின்றார். இருதயராஜ் நிமிர்ந்து பார்க்காமலே, நசுங்கிய வண்டியைக் கோதண்டம் பழைய இரும்புக்கு எழுதிக் கொடுக்கவேண்டும் என்றால் புத்தகத்தில் உள்ள எஞ்சினைக் காட்டவேண்டும் என்றார். அந்த 7150 எஞ்சின் இந்த மூலையில் சாக்குக்குள்தான் கிடக்கிறது என்றும் சொன்னார்.

ஜம்புலிங்கம் சாக்கை இழுத்துப் போட்டார். கியர் பாக்ஸைப் பிரித்து வைத்துவிட்டு, எஞ்சினை மட்டும் நாலு பேராகத் தூக்கிக் காரின் பின்னால் ஏற்றினார்கள்.

இந்த முறை ரிவர்ஸ் எடுக்கவில்லை. நேராக வீட்டு முன்னால் நிறுத்தினார். ஹாரன் அடிக்கும் முன்பே கேட் திறந்தது. கோதண்டம் கம்பை ஊன்றி நின்றார். இடது முழங்காலில் கட்டு. தலை பஞ்சாக நரைத்திருந்தது. விபத்தில் காலும் உடைந்திருக்கிறது என்பதை இருதயராஜ் சொல்லவேயில்லை.

"சத்தம் கேட்டு எய்ந்து வந்தேன். என் வண்டியே வந்துட்டா மாதிரி இருந்துச்சு" என்றார் கோதண்டம்.

ஜம்புலிங்கம் எஞ்சின் எண்களின் கதையைச் சொல்ல ஆரம்பித்து, 6083-ஐயும் 7150-ஐயும் தப்பும் தவறுமாகச் சொல்லி, நடுவில் விட்டுவிட்டார். வாயில் வந்தது வேறு.

"அன்னிக்கு எனக்காக நீ ஏன் காத்திருக்கலண்ணே?"

கோதண்டம் ஒரு கையால் கேட்டைப் பிடித்துக்கொண்டார்.

"அம்மாவ ரெண்டு நாள் வச்சிருந்தேன்டா. கரெண்ட் இல்ல, ஐஸ் இல்ல. இடுப்பளவு தண்ணியில போய்ப் பூந்தமல்லி வரைக்கும் உன்னைத் தேடினேன். மூணாவது நாளு முடியல. நீ கத்தினப்போ இதைச் சொல்ல வுட்டியா?"

இரண்டு நாள். அந்த இரண்டு நாளைப் பற்றி ஜம்புலிங்கத்திடம் யாரும் சொன்னதில்லை. அவரும் யாரையும் கேட்டதில்லை. பத்து வருடமாகத் தான் சுமந்தது என்ன, யாருடையது என்று ஒன்றும் புரியாமல், கண்ணீர் வழிய நின்றார்.

அக்கம்பக்கத்தில் ஆள் கூப்பிடலாம் என்று அவர் சொன்னதைக் கோதண்டம் கேட்கவில்லை. கம்பைச் சுவரில் சாய்த்தார். ஒரு பலகையைச் சரிவாகப் போட்டு, ஆளுக்கு ஒரு பக்கமாகப் பிடித்து, எஞ்சினை மெல்ல இறக்கினார்கள். கனத்தில் பலகை வளைந்தது.

"கால் பார்த்துடா ஜம்பு" என்றார், முழங்கால் உடைந்த அண்ணன்.