நாற்பத்து நான்கு துடிப்பு

இரும்புக் குழாய்க் கொட்டகையில் கிரேன் ஓட்டும் மகாராஜாவுக்கு உச்சாணி என்று பட்டப்பெயர். அறுபது படி ஏறி, கூரைக்கடியில் கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்துவிட்டால் கீழே நிற்கிறவனெல்லாம் அவருக்கு எறும்பு. குழாய்க் கட்டுக்குச் சங்கிலி மாட்டுகிற சொந்த மச்சினனும் எறும்புதான். அக்கா புருஷன் ஆயிற்றே என்று பதினோரு வருஷமாகப் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தான் அவன்.

வருஷத்துக்கு ஒருமுறை கிரேன்காரர்களுக்கு உடல் பரிசோதனை. பிரஷர் ஏறியிருந்தால் கூண்டு போச்சு, கீழே வந்து தரை கூட்ட வேண்டியதுதான். வெளியே யாரிடமோ காட்டி, தினம் ஒரு மாத்திரை என்று எழுதி வாங்கியிருந்தார் உச்சாணி. ஒன்றுக்கே இறங்குகிறது, ரெண்டு போட்டால் இன்னும் இறங்குமே என்று இந்த மேதாவி தானே முடிவு கட்டி, காலையில் ரெண்டு ரெண்டாக முழுங்கினார். பிரஷர் இறங்கியது. கூடவே நாடியும் இறங்கியது. மணிக்கட்டைப் பிடித்து எண்ணிய நர்ஸ், நாற்பத்து நான்குதான் இருக்கிறது, மாத்திரை ஏதாவது சாப்பிடுகிறீர்களா என்று கேட்டாள். படி ஏறி ஏறி உரமேறிய உடம்பு, ஓட்டப்பந்தயக்காரனுக்கு அப்படித்தான் இருக்கும் என்று கூசாமல் அளந்தார். டாக்டரைப் பாருங்கள் என்று அவள் எழுதிக் கொடுத்த சீட்டு, வாசல் தாண்டுவதற்குள் குப்பைக்குப் போனது.

அன்றிலிருந்து வாய் ஓயவில்லை.

"உங்களுக்கெல்லாம் எழுபது எண்பதுன்னு அடிச்சுக்குது. எனக்கு நாப்பத்தி நாலு. குதிரைக்குத்தான் இப்படி இருக்குமாம்."

குதிரையாம், குதிரை! செருப்பு மாட்டக் குனிந்தால் சுவரைப் பிடிக்கிற குதிரை.

ஒரு மாதத்து மாத்திரை பதினைந்தே நாளில் காலியாவதை அக்கா தம்பியிடம் சொல்லி அழுதாள். அவன் நர்ஸிடம் போய்ச் சொல்லியிருக்கலாம். கூண்டு போனால் அக்கா வீட்டு அடுப்பு எப்படி எரியும் என்று வாயை மூடிக்கொண்டான். மூன்று டன் இரும்பு ஆடுவது தன் மண்டைக்கு மேல்தான் என்பது அந்தப் புத்திசாலிக்கு உறைக்கவே இல்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, குழாய்க் கட்டு மேலே எழுந்தது. நகர்த்துவதற்கு முன் கூண்டிலிருந்து ரெண்டு தடவை மணி அடிக்க வேண்டும். மணி வரவில்லை. கீழே நின்ற மச்சினன் அண்ணாந்து பார்த்தான். உச்சாணியின் நெற்றி கண்ணாடியில் சாய்ந்திருந்தது. கை நழுவியதும் நெம்புகோல் தானாக நடுவுக்குத் திரும்பியதால் கட்டு அந்தரத்தில் அப்படியே நின்றது. அந்த நெம்புகோலுக்கு இருந்த புத்திகூட இந்த ரெண்டு பேருக்கும் இல்லை.

மூச்சிரைக்க ஏறிப் போய்க் கன்னத்தைத் தட்டினான். கண் திறந்தது.

"மாப்ள, கண்ணு அசந்துட்டேன்னு சொல்லிடு. விஷயம் வெளிய போக வேண்டாம்."

நாலு பேர் சேர்ந்து கீழே இறக்கிக் கிடத்தினார்கள். நர்ஸ் ஓடி வந்து நாடி பார்த்தாள். முப்பத்தாறு. இனிமேலும் வாயை மூடிக்கொண்டிருக்க மச்சினனால் முடியவில்லை.

"தினம் ரெண்டு மாத்திரை போடுறாரு சிஸ்டர். ஒரு மாசமா எனக்குத் தெரியும்."

அவள் நிமிர்ந்தாள். இவனுக்குப் புத்தி இருக்கிறதா என்று இத்தனை நாள் அவன் உச்சாணியைப் பார்த்த அதே பார்வை.

"தெரிஞ்சும் அந்த இரும்புக்குக் கீழ நின்னீங்களா?"