சின்னம்மாவுக்கு நான் டீச்சர்

பத்து வயதில் எனக்கு டீச்சர் உத்தியோகம் கிடைத்தது. சம்பளம் கிடையாது, மாணவியும் ஒருவர்தான். ஆனாலும் என் தலைக்கனத்துக்கு அது தாராளமாகப் போதும். மாணவி வேறு யாருமில்லை, அம்மாவின் தங்கை, என் சின்னம்மா.

சின்னம்மாவின் கலியாணம் அவசர அவசரமாக நடந்தது. மாப்பிள்ளை லண்டனிலிருந்து லீவில் வந்தார், தாலி கட்டினார், எங்கள் வீட்டில் சில நாட்கள் விருந்து சாப்பிட்டார், போய்விட்டார். சின்னம்மாவும் அங்கே போவதென்றால் முதலில் கொழும்பில் ஓர் ஆங்கிலச் சோதனை பாஸ் பண்ண வேண்டும். எதிரே இருப்பவர் கேட்கக் கேட்க வாயால் பதில் சொல்லும் சோதனை அது. திருகோணமலை டவுனில் ஆங்கில வகுப்புகளுக்குக் குறைவில்லை. ஆனால் சின்னம்மா வெளியில் போய்ப் படிப்பது தனக்குப் பிடிக்கவில்லை என்று சித்தப்பா லண்டனிலிருந்து போனில் சொல்லிவிட்டார். எவ்வளவு அக்கறையான மனிதர் என்று வீட்டில் எல்லாரும் மெச்சினார்கள். அப்போதுதான், பாடசாலை ஆங்கிலதினப் போட்டியில் பரிசு வாங்கிவிட்டுத் தரையில் கால் படாமல் திரிந்த என்மேல் அம்மாவின் கண் விழுந்தது.

பின்னேரங்களில் முன் விறாந்தையில் வகுப்பு நடக்கும். நான் கதிரையில் ஏறி உட்காருவேன், சின்னம்மா கீழே பாயில் இருப்பார். அந்த வருடம் பாடசாலையில் எங்களுக்கு ஒரே மாதிரித் தோன்றும் சொற்களின் வித்தியாசங்களைச் சொல்லித் தந்துகொண்டிருந்தார்கள். தமிழில் நாங்கள் ஒரு சொல்லை வைத்துச் சமாளிக்கிற இடத்தில் ஆங்கிலக்காரருக்கு இரண்டு மூன்று தேவைப்படும். காலையில் கற்றதைப் பின்னேரம் அப்படியே சின்னம்மாவின் தலையில் கட்டுவேன்.

ஹியர் என்றால் சும்மா காதில் விழுவது. துறைமுகத்தில் கப்பல் ஊதினால் நாங்கள் அதை ஹியர் பண்ணுகிறோம். லிஸின் என்றால் காதைக் கொடுத்துக் கேட்பது. அப்பா சாப்பாட்டுத் தட்டோடு செய்தி கேட்கிறாரே, அது லிஸின். லுக்குக்கும் வோட்சுக்கும் ஊர் மான்கள் கைகொடுத்தன. எங்கள் டவுனில் மான்கள் றோட்டில் மாடுகளைப் போல நடமாடும். சுற்றுலா வந்தவர்கள் அவற்றைத் திரும்பிப் பார்த்தால் அது லுக். மான் கேற்றுக்குள் புகுந்து செவ்வரத்தைப் பூவைக் கடித்துவிடுமோ என்று அம்மா அதன் ஒவ்வொரு அசைவையும் நோட்டம் பார்த்துக்கொண்டு நின்றால் அது வோட்ச்.

ஒவ்வொரு சொல்லுக்கும் மாணவி சொந்தமாக ஒரு வசனம் சொல்ல வேண்டும் என்பது என் சட்டம். முதலில் சின்னம்மா என் கப்பலையும் என் மானையும் வைத்தே ஒப்பேற்றினார். நான் கண்டித்தேன். அதன் பிறகு அவருடைய வசனங்கள் மாறின. யோசித்து, மெதுவாக, முழுசாகச் சொல்வார். சொல்லி முடித்துவிட்டுக் கொஞ்சநேரம் றோட்டைப் பார்த்துக்கொண்டிருப்பார். நான் அதில் ஏதாவது பிழை அகப்படுகிறதா என்று தேடுவேன், அகப்படாது. வெரி குட் என்பேன். அந்த வசனங்கள் எல்லாம் எனக்கு மனப்பாடம். எல்லாம் என்னுடைய வெற்றிகள் அல்லவா?

சோதனைக்கு அப்பாதான் ரயிலில் கூட்டிக்கொண்டு போனார். என் மாணவி ஃபெயில்.

"புருஷனைப் பற்றிக் கொஞ்சம் சொல்லுங்கோ எண்டு கேட்டவை. எனக்கு வாயே வரேல்லை அக்கா" என்றார் அம்மாவிடம்.

என்னால் நம்ப முடியவில்லை. அந்தத் தலைப்பில் சின்னம்மா வெளுத்து வாங்குவாரே! வேறு எதையாவது கேட்டிருந்தால் தடுமாறினார் என்று விட்டிருப்பேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சித்தப்பாவின் அக்கா உவர்மலையிலிருந்து வந்தார். நான் அவரை மாமி என்று கூப்பிடுவேன். அம்மா கொடுத்த தேத்தண்ணீரை அவர் தொடவேயில்லை.

"தம்பி அங்க வீடெல்லாம் பார்த்து வச்சிட்டு இருக்கிறான். இவவுக்கு ஒரு சோதினை பாஸ் பண்ண ஏலாமக் கிடக்கு. அடுத்த மாதத்துக்குத் தம்பியே திரும்ப நாள் எடுத்திட்டான். இந்த முறையெண்டாலும் ஒழுங்காப் படிக்கச் சொல்லுங்கோ. சின்னப்பிள்ளையிட்டப் படிச்சா இப்பிடித்தான் வரும்."

அப்பா தரையைப் பார்த்தார். அம்மா, "ஓம், இந்த முறை நாங்கள் கவனமா அனுப்புறம்" என்றார். சின்னம்மா அகப்பையும் கையுமாகக் குசினி வாசலில் நின்றார். எனக்கோ கோபம் பொத்துக்கொண்டு வந்தது. என்னைச் சொன்னதையாவது பொறுக்கலாம், என் படிப்பித்தலைச் சொன்னால் எப்படிப் பொறுப்பது?

"சின்னம்மாவுக்கு எல்லாம் தெரியும் மாமி. நான் சொல்லிக் காட்டட்டோ?" என்று நடு விறாந்தையில் போய் நின்றேன். யாரும் சரியென்று சொல்வதற்குள் தொடங்கிவிட்டேன். முதலில் வசனத்தை ஆங்கிலத்தில் சொன்னேன். அம்மாவுக்கு ஆங்கிலம் விளங்காதென்பதால் மேடையில் பேசுவதுபோலத் தமிழிலும் சொன்னேன்.

"ஹியர், லிஸின். என் கணவர் கத்துவது என் காதில் விழுகிறது. நான் அழுவதை அவர் செவிகொடுத்துக் கேட்பதில்லை."

மாமி நிமிர்ந்தார். நல்ல பலன் தெரிகிறதென்று குரலை இன்னும் உயர்த்தினேன்.

"லுக், வோட்ச். என் கணவர் என் முகத்தைப் பார்ப்பதில்லை. நான் யாரோடு இருக்கிறேன் என்று கண்காணிக்கிறார்."

அது உண்மைதான். சித்தப்பா வீடியோ கோல் எடுக்கிற நேரமெல்லாம் அறையைச் சுற்றிப் போனைத் திருப்பிக் காட்டச் சொல்வார். எங்கள் வீட்டைப் பார்க்க அவருக்கு அவ்வளவு ஆசை என்று நினைத்து, நான் ஒவ்வொரு முறையும் தலைசீவிக்கொண்டு வந்து நிற்பேன்.

"போதும் பிள்ளை" என்றார் மாமி.

"இல்லை, அவள் சொல்லட்டும்" என்றார் அம்மா. அம்மாவின் குரல் ஒருமாதிரி இருந்தது.

"அலோன், லோன்லி. அக்கா வீட்டில் நான் தனியாக இருந்தாலும் எனக்குத் தனிமையில்லை. அவரோடு லண்டனில் இருந்தால் நான் தனித்துப்போவேன்."

அத்தோடு நிறுத்தி, பாராட்டுக்காகக் காத்து நின்றேன். மாமிதான் முதலில் சிரித்தார். "சின்னப்பிள்ளை விளையாட்டுக்கு எதையோ உளறுது."

"விளையாட்டில்லை மச்சாள்" என்றார் சின்னம்மா வாசலில் நின்றபடியே. "வசனமெல்லாம் நான் சொன்னதுதான்."

எதற்கும் தலையாட்டுவதோடு நிறுத்திக்கொள்ளும் என் அப்பா எழுந்தார். "எடுத்த நாளைக் கான்சல் பண்ணச் சொல்லுங்கோ தம்பியிட்ட. அவ இனி சோதினைக்குப் போகமாட்டா" என்றார். மாமி ஏதேதோ சொன்னார், கைப்பையை எடுத்துக்கொண்டு போனார். அம்மா கேற்றைச் சாத்திவிட்டு வந்து, தங்கையின் கையைப் பிடித்துக்கொண்டு, "ஏனடி எனக்குச் சொல்லேல்லை?" என்று கேட்டுக்கேட்டு அழுதார்.

என் மொழிபெயர்ப்பைக் கேட்டுத்தான் எல்லாரும் அசந்துபோனார்கள் என்று எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஆனால் இவ்வளவு கெட்டிக்கார மாணவியை இனிச் சோதனைக்கே அனுப்பமாட்டேன் என்று அப்பா சொன்னது பெரிய அநியாயமாகப் பட்டது. சின்னம்மா வந்து என்னைத் தூக்கி இறுக்கிக் கட்டிக்கொண்டார். அவருடைய உடம்பு குலுங்கியது. ஒரு ஃபெயிலுக்கு ஒரு மனுசி இவ்வளவு அழலாமா என்று எனக்குப் பாவமாக இருந்தது.

"அழாதேங்கோ சின்னம்மா" என்று டீச்சர் குரலில் சொல்லி, அவர் முதுகில் தட்டிக்கொடுத்தேன். "அப்பாவோட நான் கதைக்கிறன். அடுத்த முறை நீங்கள் கட்டாயம் லண்டனுக்குப் போவீங்கள்."