ராஜதுரையின் ஊதா வீடு

தூத்துக்குடி துறைமுகச் சாலையில் கப்பல்களுக்குக் கயிறும் பெயின்ட்டும் விற்கும் ராஜதுரைக்கு ஒரு கிறுக்கு இருந்தது. இங்கிலாந்தில் இருநூறு வருஷத்துக்கு முன் பீங்கானில் செய்த சின்னச்சின்ன வீடுகளைச் சேர்ப்பார். ஓட்டுக்கூரை, புகைபோக்கி, சுவரில் ஏறும் பூங்கொடி எல்லாம் உள்ளங்கைக்குள் அடங்கும். இடிக்கப்போன ஒரு பழைய பங்களாவின் சாமான்களோடு முதல் வீடு கிடைத்தது. பிறகு ஏலங்களில் தேடித்தேடி வாங்கி, வீட்டுக் கண்ணாடி அலமாரியில் அடுக்கினார். அவற்றில் இளம் ஊதா நிற வீடு ஒன்றுதான் மிக அரிது. அந்த நிறத்தில் கொஞ்சமே மிஞ்சியிருக்கின்றன. அதை மனைவி செல்வலட்சுமியைக்கூடத் துடைக்க விடமாட்டார்.

அந்த டிசம்பரில் ஒரு கல்யாணத்துக்காக ஸ்ரீவைகுண்டம் போயிருந்தார். காய்ச்சல் என்று செல்வலட்சுமி வரவில்லை. விடாமல் மழை கொட்டியது. விடியும்போது தாமிரபரணி ஊருக்குள் வந்துவிட்டது. ரோடு அறுந்து, கல்யாண வீட்டார் எல்லாரும் மண்டபத்து மாடியில் மாட்டிக்கொண்டார்கள்.

காலையில் எப்படியோ செல்வலட்சுமிக்குப் போன் கிடைத்தது.

"ஏளா, வீட்டுக்குள்ள தண்ணி வந்துட்டா? அலமாரி எப்படி இருக்கு?"

"முழங்காலுக்கு வந்துட்டு. நீங்க எங்கன..."

தொடர்பு அறுந்தது. அதற்குப் பிறகு கிடைக்கவே இல்லை.

ராஜதுரை மாடியில் அங்குமிங்கும் நடந்தார். இங்கே மண்டபத்து மாடிப்படியில் எட்டாம் படி முங்கினால் அங்கே எவ்வளவு இருக்கும்? அலமாரி மரத்தால் ஆனது, மிதந்து சாய்ந்தால்? பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண்வீட்டுக்காரர் பிச்சையா கேட்டார்.

"அண்ணாச்சி, வீட்ல யாரு இருக்கா?"

"அவ மட்டும்தான். காய்ச்சலோட."

சொன்ன பிறகுதான் அவருக்கு உறைத்தது. கிடைத்த ஒரே போனில் அவள் உடம்பைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. அப்படியே சுவரோரம் உட்கார்ந்துவிட்டார். சாப்பாட்டுப் பொட்டலம் வந்தது. பிரிக்கவில்லை. அவளுக்கு நீச்சல் தெரியாது என்பதையே திரும்பத்திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார்.

மறுநாள் தண்ணீர் கொஞ்சம் வடிந்ததும், பிச்சையா தடுத்தும் கேட்காமல் கிளம்பினார். டிராக்டரில் கொஞ்ச தூரம், சேற்றில் நடந்து மீதி. தூத்துக்குடியில் தன் தெருவுக்குள் நுழையும்போது இடுப்பளவு தண்ணீர். வீட்டுக் கதவு திறந்து கிடந்தது. அலமாரி குப்புற விழுந்திருந்தது. அதைத் தாண்டித் தண்ணீரை விலக்கிக்கொண்டு உள்ளே போனார்.

"செல்வம்! ஏளா செல்வம்!"

எதிர்வீட்டு மாடியிலிருந்து நர்ஸ் ஜெப்ஸியின் குரல் வந்தது.

"அண்ணாச்சி, இங்க இருக்காவ! மேல வாங்க!"

செல்வலட்சுமி போர்வைக்குள் சுருண்டு கிடந்தாள். வலது கையில் பெரிய கட்டு.

"அலமாரி கதவு ஊறி இறுகிட்டுங்க. கண்ணாடிய உடைச்சுப் பாத்தேன், கை கிழிஞ்சிட்டு. ஜெப்ஸிதான் இழுத்துட்டு வந்துச்சு. ஊதாவ எடுக்க முடியல."

"அது கெடக்கட்டும்ளா," என்றார். அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

தண்ணீர் வடிந்து அலமாரியை நிமிர்த்தியபோது பாதிக்கு மேல் நொறுங்கியிருந்தன. ஊதா வீடு இரண்டாகப் பிளந்திருந்தது. அவர் ஒட்டவில்லை. துணியில் சுற்றிப் பரணில் வைத்துவிட்டார்.

செல்வலட்சுமியின் இரண்டு விரல்கள் இன்னும் சரியாக மடங்குவதில்லை. வானம் இருட்டினால் ராஜதுரை மத்தியானமே கடை ஷட்டரை இறக்கிவிடுகிறார். "தூறல்தானே விழுது, கடைக்கு வாரவுகள விட்டுட்டு வந்தா எப்படி?" என்று அவள் ஏசுவாள். அவர் வாசலில் நாற்காலி போட்டு, தண்ணீர் ஏறுகிறதா என்று சாக்கடையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.