பூட்டிய பிறகு தட்டியவர்கள்

பாயான் லெப்பாசில் மின்னணுப் பொருள்கள் செய்யும் ஒரு தொழிற்சாலையின் கம்ப்யூட்டர் பிரிவில் தவமணிக்கு வேலை. அங்கே கம்ப்யூட்டரைத் தொடுகிற ஒவ்வொருவருக்கும் உள்ளே நுழைய ஒரு பெயரும் பாஸ்வர்டும் உண்டு. ஆள் வேலையை விட்டுப் போனால் அந்தப் பெயரை முடக்கிவிடுவார்கள். யார் யார் பெயர் முடக்கப்பட்டது, எப்போது, முடக்கிய பிறகு அந்தப் பெயரில் யாராவது நுழையப் பார்த்தார்களா என்று மாதக் கடைசியில் வெளிநாட்டிலுள்ள தலைமையகத்துக்கு அறிக்கை போக வேண்டும். முடக்குவதும் அறிக்கை எழுதுவதும் தவமணியின் பொறுப்பு. கல்யாணமாகிப் போகிற பெண்கள், கூடச் சம்பளம் கிடைக்கிறதென்று பக்கத்துத் தொழிற்சாலைக்குத் தாவுகிற பையன்கள் என்று மாதத்துக்கு ஒருசிலர்தான் இருப்பார்கள். அலுப்பான வேலை, ஆனால் மனத்தை அறுக்காத வேலை.

தொண்ணூற்றெட்டில் அது மாறிப்போனது. ரிங்கிட்டின் மதிப்பு விழுந்தது, ஆர்டர்கள் குறைந்தன, ஆள்குறைப்பு என்ற பேச்சு கேன்டீன்வரை வந்துவிட்டது. ஒரு திங்கட்கிழமை காலை பிரிவு மேலாளர் ஜெயராஜ் தவமணியைத் தன் அறைக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். அவளைவிட வயதில் இளையவர். கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. பெயர்கள் வரிசையாக அடித்த ஒரு தாளை நீட்டினார்.

"இந்தப் பேரையெல்லாம் பத்து மணிக்குள்ள பூட்டிடுங்கக்கா. மத்தியானத்துக்கு அப்புறம்தான் கூப்பிட்டு வேலைய விட்டு நிறுத்துற லெட்டர் கொடுப்பாங்க."

"அவங்களுக்கு இன்னும் தெரியாதா?"

"தெரியாது. வேற ஒரு ஃபாக்டரில எவனோ கோபத்துல ரெக்கார்ட எல்லாம் அழிச்சிட்டானாம். அதான் மேலேருந்து இப்படி ஆர்டர். யாராச்சும் கேட்டா சிஸ்டம் ப்ராப்ளம்னு சொல்லிடுங்க."

தவமணி தாளை வாங்கிப் பார்த்தாள். நடுவில் குணவதியின் பெயர் இருந்தது.

குணவதி ஸ்டோரில் கிளார்க். இருவரும் ஆயர் ஈத்தாமிலிருந்து ஒரே ஃபாக்டரி பஸ்ஸில் வருகிறவர்கள். அன்று காலையும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்துதான் வந்தார்கள். புருஷனுக்கு லாரி ஓட்டம் குறைந்துவிட்டதைப் பற்றிக் குணவதி வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தாள்.

தவமணி தன் இடத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு பெயராகப் பூட்டினாள். குணவதியின் பெயர் வந்தபோதும் கை நிற்கவில்லை. நின்றிருக்கலாம் என்று பிறகு நினைத்துக்கொண்டாள்.

சற்று நேரத்தில் மேசைத் தொலைபேசி அடித்தது.

"அக்கா, குணா பேசுறேன். என் ஐடி ஓப்பன் ஆகவே மாட்டேங்குதுக்கா. பாஸ்வர்ட மறந்துட்டேனா என்னன்னு தெரியல. கீழே லாரி நிக்குது, சரக்கு ஏத்தணும்."

"சிஸ்டம்ல ஏதோ ப்ராப்ளம் லா. கொஞ்சம் இரு."

"சரிக்கா. நான் திரும்ப ட்ரை பண்றேன்."

மத்தியானம் ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக் கடிதம் கொடுத்தார்கள். சாயங்காலம் தவமணி பஸ்ஸில் ஏறியபோது குணவதி பின்சீட்டில், ஜன்னலோடு ஒட்டி உட்கார்ந்திருந்தாள். தவமணி பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். ஆயர் ஈத்தாமில் குணவதி முதலில் இறங்கிப் போனாள்.

மாதக் கடைசியில் அறிக்கை போனது. அடுத்த வாரமே தலைமையகத்திலிருந்து ஃபேக்ஸ் வந்தது. முடக்கப்பட்ட பெயர்களில், முடக்கிய பிறகும் ஏன் இத்தனை முயற்சிகள்? இவர்கள் திருட்டுத்தனமாக நுழையப் பார்த்தார்களா? விளக்கம் வரும்வரை இவர்களுக்கு நற்சான்றிதழ் எதுவும் தரவேண்டாம்.

தவமணி அறிக்கையில் அந்தப் பக்கத்தை எடுத்துப் பார்த்தாள். குணவதியின் பெயருக்கு நேரே வரிசை நீண்டுகொண்டே போனது. அந்தக் காலை முழுக்க அவள் அடித்து அடித்துப் பார்த்திருக்கிறாள். வேறு பலரும் அப்படியே.

"ஸ்டாஃப் கேர்லெஸ்னு ஒரு வரி எழுதி அனுப்பிடுங்கக்கா" என்றார் ஜெயராஜ். "விஷயத்தப் பெருசாக்க வேணாம்."

"கேர்லெஸ்னு எழுதினா அதுவும் அவங்க ஃபைல்லதான போகும்? வேற இடத்துல வேலைக்கு யாரு எடுப்பா?"

"நம்ம வேலையும் இருக்குக்கா. அதையும் யோசிங்க."

யோசித்தாள். வீட்டுக் கடன் இருந்தது. மகள் கல்லூரியில் இருந்தாள். சண்டை போடவும் தெம்பில்லை. எழுதினால் என்ன வரும் என்று தெரிந்தேதான் எழுதினாள்.

'யாரும் திருட்டுத்தனமாக நுழையவில்லை. வேலை போனது அவர்களுக்கு அப்போது தெரியாது, நாங்கள் சொல்லவில்லை. பாஸ்வர்டைத் தவறாக அடித்துவிட்டோம் என்று எண்ணித் திரும்பத் திரும்ப அடித்துப் பார்த்தார்கள். கேட்டவர்களிடம் கம்ப்யூட்டரில் கோளாறு என்று சொல்லப்பட்டது. அப்படிச் சொன்னவர்களில் நானும் ஒருத்தி.'

கையெழுத்துப் போட்டு அவளே ஃபேக்ஸ் இயந்திரத்தில் வைத்தாள். ஜெயராஜ் தடுக்கவில்லை. ஆனால் அதற்குப் பிறகு வெகுநாள் அவளிடம் வேலைக்கு வேண்டிய பேச்சு மட்டும்தான். அந்த வருடம் சம்பள உயர்வுக் கடிதம் அவள் மேசைக்கு வரவில்லை.

தலைமையகத்தின் பதில் ஒரே வரி: விளக்கம் ஏற்கப்பட்டது. நற்சான்றிதழ்கள் போயின. ஜூலையில் இரண்டாம் சுற்று ஆள்குறைப்பு வந்தபோது முதலில் ஆளைக் கூப்பிட்டுக் கடிதம் கொடுத்தார்கள், அதன் பிறகுதான் பூட்டச் சொன்னார்கள். ஏன் மாற்றினார்கள் என்று யாரும் சொல்லவில்லை, தவமணியும் கேட்கவில்லை. அப்படியும் அன்று வீட்டுக்குப் போய் உடுப்புக்கூட மாற்றாமல் படுத்துவிட்டாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆயர் ஈத்தாம் பசாரில் குணவதி எதிரே வந்தாள். இளைத்திருந்தாள். சிம்பாங் அம்பாட்டில் ஒரு தொழிற்சாலை ஸ்டோரில் வேலை கிடைத்துவிட்டதாம். தினமும் ஃபெரி ஏறிக் கடலைத் தாண்டி, பஸ் மாறிப் போக வேண்டியிருக்கிறது.

"சர்ட்டிபிகேட் கேட்டாங்கக்கா. காட்டினேன், வேலைக்கு எடுத்துக்கிட்டாங்க."

"நல்லதாப் போச்சு."

குணவதி காங்கோங் கீரைக் கட்டைப் புரட்டிப் பார்த்தாள். நிமிராமலே கேட்டாள்.

"அன்னைக்கு நான் போன் பண்ணப்ப உங்களுக்குத் தெரியும்ல?"

சிஸ்டம் ப்ராப்ளம் என்ற அந்தப் பதில் இப்போதும் நாக்கு நுனிவரை வந்தது.

"தெரியும் குணா."

குணவதி தலையை ஆட்டினாள். கோபமா, வேறு ஏதாவதா என்று தவமணிக்குப் பிடிபடவில்லை. கீரைக்குக் காசு கொடுத்துவிட்டுக் கூடையைத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

"நாளைக்கு மார்னிங் ஷிஃப்ட் அக்கா. போயி சமைச்சு வைக்கணும்."

கூட்டத்துக்குள் அவள் போவதைத் தவமணி பார்த்துக்கொண்டு நின்றாள். பின்னால் வந்த ஒருவர் வழி கேட்டபோதுதான் ஒதுங்கினாள். வாங்க வந்த மீனை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள்.