அலமாரியின் இரண்டாவது சாவி

வதந்தியை வீட்டுக்குக் கொண்டுவந்தவர் டாக்டரம்மாவின் வீட்டுக்காரர்தான். முடிவெட்டும் கடையில், பக்கத்து நாற்காலிக்காரர் முகம் நிறைய நுரையோடு சொன்னாராம்.

"உன் வகுப்புல ஆளைக் காப்பாத்தச் சொல்லித்தர்றதில்லையாம். அனுப்பி வைக்கத்தான் சொல்லித்தர்றியாம்."

"அவருக்கு யாரு சொன்னது?"

"உங்க ஆஸ்பத்திரி ஆளுதானாம். நுரைக்கு மேல நான் நோண்டிக் கேக்கல."

டாக்டரம்மா சிரிக்கவில்லை. வெகுகாலம் மயக்க மருந்து கொடுத்தவர். அறுவை மேசையில் கிடப்பவனுக்கு வலிக்கக் கூடாதென்று ஊரே ஒப்புக்கொள்ளும். இனி அறுத்துப் பயனில்லை என்று கைவிடப்பட்டவன் துடித்தால் மட்டும் தலைவிதி என்று நகர்ந்துவிடும். இந்த ஓரவஞ்சனை பொறுக்காமல்தான் மாடிக் கோடியிலிருந்த, குணமாக வழியில்லாதவர்களின் வார்டை ஏற்று, பயிற்சி டாக்டர்களுக்கு வலியைப் பற்றிப் பாடம் எடுக்கத் தொடங்கினார். பரீட்சையில் வராத பாடம். பிள்ளைகளுக்கு வேப்பங்காய்.

அறுவைப் பிரிவுத் தலைவரை எல்லோரும் 'பெரியவர்' என்பார்கள். அந்த வார்டுக்கு 'வழியனுப்பு மண்டபம்' என்று பெயர் வைத்தவர் அவர்தான். டாக்டரம்மா காதில் விழும்படியே சொல்வார். இந்த அம்மாளும் லேசுப்பட்டவர் இல்லை. "கத்தியைத் தீட்டின மனுஷன் காதையும் கொஞ்சம் தீட்டியிருக்கலாம்" என்று நடுக்கூட்டத்தில் சொல்லிவிட்டு வந்தவர்.

திங்கட்கிழமை காலை பயிற்சி டாக்டர்களோடு வார்டுக்குள் நுழைந்தபோது, சன்னலோரக் கட்டிலில் தையல்காரர் துண்டைக் கடித்துக்கொண்டு சுருண்டு கிடந்தார். இடுப்பெலும்பு வரை பரவிய புற்றுநோய். போன வாரம் மார்ஃபின் மருந்தில் எழுந்து உட்கார்ந்திருந்தார். வலிக்குப் பத்துக்கு எத்தனை என்று கேட்டபோது, "பத்தோட நிறுத்திட்டீங்களேம்மா, என் டேப்பு அறுபது வரைக்கும் போகுமே" என்று வார்டையே சிரிக்கவைத்தவர். இன்று அதே கேள்விக்குத் துண்டை இன்னும் இறுக்கிக் கடித்தார்.

"சனிக்கிழமையிலேர்ந்து அந்த மருந்து தரலைங்க" என்றாள் அவர் மனைவி. "என் தம்பி யார் பேச்சையோ கேட்டுட்டு, பெரிய டாக்டர்கிட்ட போய் அழுதிருக்கான். வேற ஊசி போட்டாங்க. வலி கேக்கலை."

"நிறுத்தினது யாரு?"

நெட்டை என்று எல்லோரும் கூப்பிடும் பயிற்சி டாக்டர் தலை குனிந்தான். "நான்தான் மேடம். மூச்சு நின்னுடும்னு பெரியவர் சொன்னாரு."

"மூச்சை எண்ணிப் பாத்தியா?"

"இல்ல மேடம்."

"வேற எதைப் பாத்து நிறுத்தினே?"

"என் மார்க்கு அவர் கையில இருக்கு மேடம்" என்றான்.

"இருக்கட்டும். இவரு உன் கையில இருந்தாரு."

மருந்து அலமாரிக்கு இரண்டு சாவி. இரண்டும் சேர்ந்தால்தான் திறக்கும். ஒன்று டாக்டரம்மாவிடம்; மற்றது நர்ஸம்மாவிடம் இருக்க வேண்டும். நர்ஸம்மா கையைப் பிசைந்தார். "பெரியவரே வந்து வாங்கிட்டுப் போயிட்டாருங்க. இனிமே அவரைக் கேட்டுத்தான் திறக்கணுமாம்."

பெரியவரின் அறை வராந்தாவுக்கு அந்தப் பக்கம், வார்டுக்கு நேர் எதிரே. வாசலில் ஸ்டூல் போட்டிருந்த உதவியாளர், "ஐயா உள்ள இல்லைங்க" என்று சுவரைப் பார்த்துச் சொன்னார். டாக்டரம்மா தட்டினார். கதவு உள்ளே தாழிட்டிருந்தது.

திரும்பி வந்து நெட்டையிடம் சொன்னார்: "பெரியவருக்கு நீயே போன் போடு. அவரு ரூம் வாசல்ல நின்னு, உன் நம்பர்லேர்ந்து. சாவி வேணும்னு நீ கேளு."

"மேடம், அவரு என்னை..."

"ஃபெயில் பண்ணுவாரு. தெரியும். போடு."

தையல்காரர் துண்டுக்குள் முனகினார். நெட்டை அந்தப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு, வாசலுக்குப் போய் எண்ணை அழுத்தி, எல்லோருக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரில் போட்டான். மணி அடித்தது. தாழிட்ட கதவுக்குப் பின்னாலும் ஒரு மணி அடித்தது. ஸ்டூலில் இருந்தவர் எழுந்து, எங்கே போவதென்று தெரியாமல், மறுபடி உட்கார்ந்தார்.

கதவுக்குப் பின்னால் சத்தம் சட்டென்று அடங்கியது. யாரோ அமுக்கியிருக்க வேண்டும்.

நெட்டை போனை அணைக்கவில்லை. அவன் கையில் மணி இன்னும் அடித்துக்கொண்டிருந்தது.