விண்ணப்பத்தில் ஏறிய ஆடுகள்

எங்கள் வீட்டில் இங்கிலீஷ் எழுதத் தெரிந்த முதல் ஆள் நான். அதனால் சித்தப்பா வாங்கிய காருக்கு இன்சூரன்ஸ் விண்ணப்பம் எழுதும் வேலை என்னிடம் வந்தது.

சித்தப்பா அருப்புக்கோட்டையில் ஒரு பருத்தி வியாபாரியிடம் பல வருஷம் வேன் ஓட்டியவர். திருச்சுழிப் பக்கம் இருந்த கரிசல் காட்டில் தன் பங்கை விற்று ஒரு பழைய அம்பாசிடர் வாங்கினார். மதுரையில் டாக்ஸி ஓட்டுவதாக எண்ணம். நம் வண்டி அடுத்தவருக்குச் செய்யும் சேதத்துக்கு மட்டுமான தேர்டு பார்ட்டி இன்சூரன்ஸ் போதும், செலவும் கம்மி என்று சிநேகிதர்கள் சொன்னார்கள். அவர் ஒப்பவில்லை.

"வண்டி போச்சுன்னா காடும் போச்சுல்ல. ஃபுல்லாவே போட்டுருவோம்."

விண்ணப்பத்தில் ஒரு கேள்வி: கடந்த மூன்று வருஷத்தில் ஓட்டுநருக்கு ஏற்பட்ட விபத்துகள் என்னென்ன? நான் தமிழில் சொன்னதும் சித்தப்பா கண்ணை மூடி யோசித்தார்.

"பாலவநத்தத்துல ஒரு கோழி. எழுது."

"கோழியுமா சித்தப்பா?"

"கேட்டிருக்காகள்ல."

மல்லாங்கிணற்றில் ரெண்டு வெள்ளாடு. வீரசோழன் போகிற வழியில் ஒரு செம்மறி. பிறகு ஒரு நாய், ஒரு ஆட்டுக்குட்டி, இன்னும் சில கோழிகள். கடைசியாக, காரியாபட்டிப் பக்கம் ஒரு மாட்டுவண்டி. வண்டிக்காரருக்குக் கால் முறிந்தது. எங்கள் பக்கம் இப்படி ஏதாவது அடிபட்டால் டிரைவர் இறங்கி, உரியவரைத் தேடி, அந்த இடத்திலேயே பேசித் தீர்த்துவிடுவார். எந்தக் காகிதத்திலும் ஏறாது. நான்தான் ஏற்றினேன். வெள்ளாட்டுக்கும் செம்மறிக்கும் தனித்தனி வார்த்தை போட்டு, இடம் போதாமல் ஒரு தாளும் ஒட்டி, எழுத்து அழகாக வந்திருக்கிறது என்று சந்தோஷப்பட்டேன்.

மதுரை அலுவலகத்தில் அதை வாங்கிப் படித்த குமாஸ்தா பக்கத்து மேசையிலிருந்த அதிகாரியைக் கூப்பிட்டார். "சார், இங்க வாங்க. இவுக ஒரு ஆட்டுச் சந்தையையே காலி பண்ணியிருக்காக."

அதிகாரி சிரிக்கவில்லை. "டவுனுல ஓடுற டாக்ஸிக்கே கட்டணம் ஜாஸ்தி. இத்தனை விபத்து பண்ணின ஆளுக்கு ஃபுல் இன்சூரன்ஸ் தர முடியாதுங்க. தேர்டு பார்ட்டி மட்டும்தான்."

எனக்குக் காது சுட்டது. காட்டை விற்று வாங்கிய வண்டி. அதற்கு நான் எழுதியதாலேயே காப்பு இல்லாமல் போகிறது. "நான் எழுதினதுதான் சார் தப்பு" என்றேன்.

அவர் அந்தத் தாளை மறுபடி எடுத்து மெதுவாகப் படித்தார். எங்களை அப்படியே அனுப்பியிருக்கலாம். அனுப்பாததற்கு இன்றும் அவரை நன்றியோடு நினைக்கிறேன்.

"இதுல எது போலீஸுக்குப் போச்சு?" என்று சித்தப்பாவைக் கேட்டார்.

"எதுவும் போகலீங்க. அங்கனயே குடுத்து முடிச்சிட்டேன்."

"அப்ப இதெல்லாம் விபத்துன்னு யாரு சொன்னது?"

"ஆட்டுக்காரம்மா சொன்னா சார்."

அப்போதுதான் அதிகாரிக்குச் சிரிப்பு வந்தது. புதுப் படிவம் ஒன்றை என்னிடம் நீட்டினார். "கோழி, ஆடு, நாயெல்லாம் வேண்டாம் தம்பி. ஆளுக்கு அடி, வண்டிக்குச் சேதம்னா மட்டும் எழுதுங்க."

மாட்டுவண்டி வரும் இடத்தில் குமாஸ்தா குனிந்து, "அதுக்கும் கேஸு இல்லையே, விட்டுருங்க. கட்டணம் குறையும்" என்றார். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. நான் பேனாவை நிறுத்திச் சித்தப்பாவைப் பார்த்தேன்.

"அந்தாளு இன்னும் நொண்டித்தான் நடக்கான். அத எழுதுய்யா."

எழுதினேன். ஃபுல் இன்சூரன்ஸ் கிடைத்தது. அந்த ஒரு வரிக்காகக் கட்டணம் கூடியது. வண்டிக்குச் சேதம் வந்தால் முதலில் ஒரு பகுதியை நாங்களே ஏற்க வேண்டும் என்றும் போட்டார்கள். சித்தப்பா தனக்குத் தெரிந்த ஒரே எழுத்தான கையெழுத்தைப் போட்டார்.

ஊர் திரும்பும்போது வண்டியில் நானே, "கொஞ்சம் விசாரிச்சு எழுதியிருக்கணும் சித்தப்பா" என்று ஆரம்பித்தேன்.

"நான் சொன்னத நீ எழுதுன. இதுக்கு முன்னாடி நான் சொன்னத யாரு எழுதியிருக்கா?" என்றார், ரோட்டைப் பார்த்தபடியே.

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

காரியாபட்டி தாண்டி ஒரு ஆட்டு மந்தை ரோட்டை மறித்தது. வழக்கமாக ஹாரன் அடித்துக்கொண்டே நுழைகிறவர், அன்று வண்டியை நிறுத்தி எஞ்சினையும் அணைத்தார். ஆடு மேய்த்த அம்மா கம்பை ஊன்றி நின்று பார்த்தாள்.

"என்ன டிரைவரே, வண்டி படுத்துருச்சா?"

"இல்லத்தா. ஃபாரத்துல எழுத இனிமே எடமில்ல. நீ மெதுவாவே ஓட்டிட்டுப் போ."

அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. "படிச்ச புள்ள மாதிரி இருக்க, இவரு என்ன சொல்லுறாரு?" என்று என்னைக் கேட்டாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கடைசிக் குட்டி ரோட்டை விட்டு இறங்கும்வரை சித்தப்பா சாவியைத் தொடவில்லை.