முன் இருக்கைச் சாட்சி

வெலிகாவுக்குப் பேருந்தில் ஏறினாலே வயிற்றைப் புரட்டும். அதனால் பதினோரு வருடமாக ஓட்டுநருக்குப் பக்கத்து முன் இருக்கை அவளுடையது. மலையடிவாரத்துத் தையல் ஆலைக்கு ஊர்ப் பெண்களை ஏற்றிப்போக இருந்ததே அந்த ஒரு பேருந்துதான். நவம்பரில் ஒரு நாள் காலை, கிளம்புமுன் ஓட்டுநர் லால்யோ பேருந்து முதலாளியைக் கைபேசியில் கூப்பிட்டான். பிரேக்கை மிதித்தால் கால் தரைவரை போகிறது என்றான். மெதுவாக இறக்கு, சாயங்காலம் பார்த்துக்கொள்ளலாம் என்றது மறுமுனை. அத்தனையும் வெலிகா காதில் விழுந்தது. நாலாவது வளைவில் பேருந்து கவிழ்ந்து, லால்யோவோடு சேர்த்து ஐந்து பேர் செத்துப்போனார்கள். வெலிகாவின் வலது காலுக்குள் கம்பி வைத்தார்கள்.

முதலாளி குஸ்மான் அவளுக்கு வெறும் முதலாளியாக இருந்திருந்தால் கதை அன்றே முடிந்திருக்கும். அவர் அவளுடைய கூம். கல்யாணத்தை முன்னின்று நடத்தி வைத்தவர், இரண்டு பிள்ளைகளுக்கும் ஞானத்தகப்பன். பெற்ற அப்பனை எதிர்த்துப் பேசினாலும் பேசலாம், அந்தப் பக்கத்தில் கூமை யாரும் எதிர்த்துப் பேசுவதில்லை. விசாரணை அதிகாரி ஆஸ்பத்திரிக்கு வந்தபோது குஸ்மான் அவளுடைய கட்டிலோரம் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார். ஓட்டுநர் போனில் என்ன பேசினார் என்று அதிகாரி கேட்டார். நினைவில்லை என்று சொல்லிவிட்டாள்.

அந்தப் பொய் அவளை உட்காரவிடவில்லை. கோலை ஊன்றிக்கொண்டு சமையலறைக்கும் வாசலுக்கும் நடந்தாள். கழுவிய தட்டையே மறுபடி கழுவினாள். கணவன் டோச்சோ ஏதாவது கேட்டால் எரிந்து விழுந்தாள். குஸ்மான் குளிர்காலம் முழுவதுக்கும் விறகு அனுப்பினார். கூம் என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று ஊரே மெச்சியது. ஊருக்கு என்ன, விறகை எண்ணத் தெரியும், பிணத்தை எண்ணத் தெரியாது. பழி முழுக்க லால்யோ தலையில் விழுந்தது. மின்கம்பத்தில் ஒட்டியிருந்த அவனுடைய இரங்கல் தாளை யாரோ கிழித்தார்கள். அவன் மனைவி மிங்கா கடைக்கு வந்தால் பேச்சு நின்றுபோகும். வெலிகாவும் இரண்டு தரம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மூன்றாம் தரம் முடியவில்லை.

சித்தப்பா மகனுடைய வண்டியில், கண்ணை இறுக மூடிக்கொண்டு, மாவட்டத் தலைநகருக்குப் போய் வக்கீல் தியோடோராவைப் பார்த்தாள். வக்கீல் பொறுமையாக விளக்கினாள். வெலிகா வெறும் சாட்சி அல்ல, காயம்பட்டவள். அதனால் வழக்கில் அவளும் ஒரு தரப்பு. கோப்பு முழுவதையும் படிக்கலாம், வக்கீல் மூலம் குஸ்மானையே கேள்வி கேட்கலாம். குஸ்மான் மேல் வழக்கு இருக்கிறது, ஆனால் பிரேக் பழுதானது தனக்குத் தெரியாது என்கிறார். போனில் பேசிய நேரம் பதிவாகியிருக்கிறது, பேசிய விஷயம் பதிவாகவில்லை. லால்யோ லீவுதான் கேட்டான் என்கிறார் குஸ்மான்.

“நீங்க சொன்னாத்தான் உண்டு. அன்னைக்கு ஏன் சொல்லலன்னும் கேப்பாங்க, அதுக்கும் தயாரா வாங்க” என்றாள் வக்கீல்.

விசாரணை ஒரு செவ்வாய்க்கிழமை. அதற்கு முந்தைய ஞாயிறு, தவக்காலத்துக்கு முன்னால் வரும் மன்னிப்பு ஞாயிறு. சின்னவர்கள் கூம் வீட்டுக்குப் பலகாரத்தோடு போய், கையை முத்தமிட்டு மன்னிப்புக் கேட்க வேண்டும். மன்னித்தேன் என்று பெரியவர் சொல்வார். அன்றைக்கு யாரும் மாட்டேன் என்று சொல்வதில்லை. போகாதே, போனாலும் வாயைத் திறக்காதே என்றான் டோச்சோ. அவள் பாலாடைக்கட்டி வைத்துப் பனிட்சா சுட்டாள். பதற்றத்தில் ஓரம் கருகிவிட்டது. அப்படியே எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

வீடு நிறையக் கூட்டம். குஸ்மான் லேசுப்பட்டவரா? அவள் வாய் திறக்குமுன் எழுந்து வந்து கையைப் பிடித்துக்கொண்டார்.

“வெலிகா, உன் கால் இப்படி ஆனதுக்காக என்னை மன்னிச்சிடும்மா.”

பெரியவர் முந்திக்கொண்டு கேட்டதில் பெண்கள் கண்ணைத் துடைத்தார்கள். அவர் கண்ணிலும் நிஜமாகவே நீர் இருந்தது. அந்த மனிதர்மேல் வெலிகாவுக்கு இன்னும் பாசம் இருந்தது.

“மன்னிச்சிட்டேன் கூமே. மனசாரத்தான் சொல்றேன்.”

அவர் மூச்சு விட்டார். “அப்ப முடிஞ்சுது. செவ்வாக்கிழமை இந்தக் காலை வச்சுக்கிட்டு நீ அலைய வேணாம்.”

வெலிகா கோலைப் பிடித்தபடி குனிந்து அவர் கையை முத்தமிட்டாள்.

“இப்ப என் முறை. நீங்களும் என்னை மன்னிச்சிடுங்க.”

“உன்னையா? எதுக்கு?”

“செவ்வாக்கிழமை கோர்ட்ல நான் சொல்லப்போறதுக்கு.”

அவர் கையை இழுத்துக்கொண்டார். வெலிகா கால் கடுக்க நின்று பார்த்தாள். மன்னித்தேன் என்ற சொல் அவரிடமிருந்து வரவில்லை. கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டு வெளியே வந்தாள்.

செவ்வாய்க்கிழமை, எந்தச் சாட்சியிடமும் கேட்பதைத்தான் நீதிபதி அவளிடமும் முதலில் கேட்டார். குற்றம் சாட்டப்பட்டவரோடு உங்களுக்குப் பகை ஏதாவது உண்டா? பகை உண்டென்றால் சாட்சியையே தட்டிவிடலாம் என்று குஸ்மானின் வக்கீல் பேனாவோடு நிமிர்ந்தார். பின்வரிசையில் மிங்கா தனியாக உட்கார்ந்திருந்தாள்.

“இல்லீங்கய்யா. அவரை நான் ஞாயித்துக்கிழமையே மன்னிச்சிட்டேன். அந்த வீட்ல இருந்த அத்தனை பேருக்கும் தெரியும்.”

பிறகு லால்யோ சொன்னதையும், மறுமுனை சொன்னதையும், ஆஸ்பத்திரியில் தான் சொன்ன பொய்யையும் ஒன்றுவிடாமல் சொன்னாள்.